ஒரு சின்ன சாவி, ஒரு பெரிய ஆலை: பி.எல்.சி ப்ராசஸர் மாட்யூல் என்றால் என்ன? எப்படி வேலை செய்கிறது?

2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சவுதி அரேபியாவின் செங்கடல் கரையில் உள்ள ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலை திடீரென்று தானாகவே நின்றுபோனது. தீ விபத்து இல்லை, மின்வெட்டும் இல்லை. ஆபத்து வந்தால் ஆலையை நிறுத்துவதற்காகவே வைத்திருந்த பாதுகாப்பு கண்ட்ரோலர்கள், எந்த ஆபத்தும் கண்ணில் படாத நேரத்தில் ஆலையை நிறுத்திவிட்டன.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த கண்ட்ரோலர்களின் ப்ராசஸருக்குள் ஹேக்கர்கள் புகுந்திருந்தார்கள். கண்ட்ரோலரின் முகப்பில் இருந்த ஒரு சாவி, இருக்க வேண்டிய நிலையில் இல்லாமல் வேறு நிலையில் விடப்பட்டிருந்தது. அதுதான் அவர்களுக்கு வழிவிட்ட முக்கியமான காரணங்களில் ஒன்று.

ஒரு சாவியால் ஒரு ஆலைக்கே ஆபத்து வருமா? அந்த சாவி எதைப் பூட்டுகிறது? இதைப் புரிந்துகொள்ள பி.எல்.சி என்ற கருவியையும், அதன் மூளையான ப்ராசஸர் மாட்யூலையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பி.எல்.சி என்றால் என்ன?

புரோகிராமபிள் லாஜிக் கண்ட்ரோலர் என்பதன் சுருக்கம்தான் பி.எல்.சி. சிம்பிளா சொல்லணும்னா, இயந்திரங்களுக்கு "இப்போ ஓடு, இப்போ நில்லு" என்று உத்தரவு போடும் கம்ப்யூட்டர்.

நம்ம வீட்டு தண்ணி மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டியில் தண்ணி குறைந்தால் மோட்டார் ஓடணும். நிரம்பினால் நிற்கணும். கீழே சம்ப்பில் தண்ணியே இல்லை என்றால், மேல் தொட்டி காலியாக இருந்தாலும் மோட்டார் ஓடக்கூடாது. இல்லையென்றால் மோட்டார் காய்ந்து போய்விடும். இப்படி மூன்று விதிகளுக்கு ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் போதும்.

இதுவே ஒரு பால் பண்ணை, சிமென்ட் ஆலை, குடிநீர் சுத்திகரிப்பு நிலையம், கார் தொழிற்சாலை என்றால்? ஆயிரக்கணக்கான சென்சார்கள், வால்வுகள், மோட்டார்கள் இருக்கும். விதிகளும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றை இரவு பகலாகச் சரிபார்த்து உத்தரவு போடுவதுதான் பி.எல்.சி-யின் வேலை.

இது எப்படிப் பிறந்தது?

1960-களில் கார் தொழிற்சாலைகளில் இந்த வேலையைச் செய்தவை ரிலேக்கள். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். சுவர் நீளத்துக்கு பேனல்கள், அதற்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள், சிக்கலான வயரிங். காரின் மாடலை மாற்றினால் அத்தனை வயரையும் பிரித்து மறுபடி இணைக்க வேண்டும். ஒரு ரிலே பழுதானால், அது எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, இதற்கு மாற்றாக ஒரு மின்னணு கருவி வேண்டும் என்று கேட்டது. வயரைத் தொடாமலே விதியை மாற்ற முடியணும், தொழிற்சாலையின் தூசியையும் சூட்டையும் தாங்கணும், எலக்ட்ரீஷியனுக்கும் புரியணும் என்பவை முக்கிய நிபந்தனைகள்.

அதே காலகட்டத்தில் டிக் மார்லி என்ற பொறியாளரும் அவரது பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் குழுவும் இதே யோசனையில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் உருவாக்கியதுதான் மோடிகான் 084. அந்த நிறுவனத்தின் 84-வது புராஜெக்ட் என்பதால் இந்தப் பெயர். மோடிகான் பிராண்டு இன்று ஷ்னைடர் எலக்ட்ரிக் வசம் இருக்கிறது.

ரிலே வரைபடத்தைப் படித்துப் பழகிய எலக்ட்ரீஷியன்களுக்காக, புரோகிராமையும் அதே மாதிரி படமாகவே போட்டார்கள். பார்க்க ஏணி மாதிரி இருக்கும் என்பதால் அதற்கு லேடர் லாஜிக் என்று பெயர். 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றைக்கும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

ப்ராசஸர் மாட்யூல் என்பது எது?

ஒரு பெரிய பி.எல்.சி-யைத் திறந்து பார்த்தால், அலமாரியில் புத்தகங்களை அடுக்கியது போல வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு மாட்யூல். அவை செருகப்பட்டிருக்கும் சட்டத்துக்கு ரேக் என்று பெயர்.

* பவர் சப்ளை மாட்யூல்: மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது.
* இன்புட் மாட்யூல்: சென்சார், பட்டன் போன்றவற்றிலிருந்து தகவலை வாங்குவது.
* அவுட்புட் மாட்யூல்: மோட்டார், வால்வு போன்றவற்றுக்கு உத்தரவை அனுப்புவது.
* கம்யூனிகேஷன் மாட்யூல்: கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்களோடும் மற்ற பி.எல்.சி-க்களோடும் பேசுவது.
* ப்ராசஸர் மாட்யூல்: இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்து முடிவெடுப்பது.

இன்புட் கண், காது என்றால், அவுட்புட் கை, கால். ப்ராசஸர் மாட்யூல்தான் மூளை. பணியாளர்கள் இதை சுருக்கமாக சி.பி.யு என்றும் சொல்வார்கள். சீமென்ஸின் எஸ்7-300, எஸ்7-1500, ராக்வெல் நிறுவனம் ஆலன் பிராட்லி பிராண்டில் விற்கும் கண்ட்ரோல்லாஜிக்ஸ் ஆகியவை உலகம் முழுக்க தெரிந்த பெயர்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

ப்ராசஸர் செய்வது ஒரே வேலையைத்தான். ஆனால் அதை நிற்காமல் செய்கிறது.

முதலில் எல்லா இன்புட்களையும் படிக்கும். அடுத்து, புரோகிராமை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டிப் பார்க்கும். பிறகு கிடைத்த முடிவை அவுட்புட்களுக்கு அனுப்பும். நடுவில் தன் உடம்பு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டு, நெட்வொர்க்கில் வந்த செய்திகளுக்கும் பதில் சொல்லும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இந்த ஒரு சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். பெரும்பாலும் சில மில்லி விநாடிகளிலிருந்து சில பத்து மில்லி விநாடிகளுக்குள் முடிந்துவிடும். ஒரு ஸ்கேன் 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடிக்குள் நூறு தடவை "தொட்டி நிரம்பிருச்சா? மோட்டார் சூடாகுதா? யாராவது எமர்ஜென்சி பட்டனை அழுத்திட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே வேகத்தைவிட முக்கியம், நேரம் தவறாமை. நம்ம போன் ரெண்டு விநாடி ஹேங் ஆனால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். பிரஸ் மெஷினுக்கு உத்தரவு போடும் ப்ராசஸர் ரெண்டு விநாடி ஹேங் ஆனால் ஒருவரின் கை போய்விடலாம்.

அதனால்தான் உள்ளே வாட்ச்டாக் என்று ஒரு டைமர் இருக்கிறது. பெயருக்கு ஏற்ற மாதிரி இது காவல் நாய்தான். குறித்த நேரத்துக்குள் ஸ்கேன் முடியவில்லை என்றால் உடனே பிழை என்று அறிவித்துவிடும். சீமென்ஸ் எஸ்7 வரிசையில் நாம் மாற்றாதவரை இந்த வரம்பு 150 மில்லி விநாடி. அந்தப் பிழையைச் சமாளிக்க புரோகிராமில் வழி எழுதப்படவில்லை என்றால் ப்ராசஸர் ஸ்டாப் நிலைக்குப் போய்விடும்.

ஸ்டாப் ஆனால் அவுட்புட்கள் முன்கூட்டியே முடிவு செய்து வைத்த நிலைக்குப் போகும். பெரும்பாலும் அது ஆஃப். ஆனால் எல்லா இடத்திலும் ஆஃப் என்பது பாதுகாப்பு இல்லை. குளிர்விக்கும் பம்ப் நின்றால்தான் ஆபத்தே வரும். எது நிற்கணும், எது நிற்கக்கூடாது என்பதை வடிவமைக்கும்போதே யோசித்து வைக்க வேண்டும்.

சாதாரண கம்ப்யூட்டரை வைக்கலாமே?

பலருக்கும் வரும் கேள்வி இது. காகிதத்தில் பார்த்தால் ப்ராசஸர் மாட்யூல் நம்ம போனிடம் தோற்றுப் போகும். உதாரணத்துக்கு, கண்ட்ரோல்லாஜிக்ஸ் வரிசையில் எல்71 என்ற மாடலின் பயனர் மெமரி வெறும் 2 எம்.பி. அதே வரிசையில் பெரியதான எல்75-க்கு 32 எம்.பி. உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவே 2 எம்.பி-யைத் தாண்டும்.

ஆனால் இதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் வேலை செய்யும். பக்கத்தில் பெரிய மோட்டார்கள் கிளப்பும் மின் இரைச்சலையும், அதிர்வையும் தாங்கும். வருடக்கணக்கில் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடும். நடுவில் "அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்" என்று திரையைக் காட்டாது.

நிறுத்தவே முடியாத இடங்களில் ஒன்றுக்கு இரண்டாக ப்ராசஸர் வைப்பார்கள். ஒன்று ஓடும்போது இன்னொன்று அதே விவரங்களோடு தயாராக நிற்கும். முதலாவது பழுதானால் உற்பத்தி தடைபடாமல் இரண்டாவது ஏற்றுக்கொள்ளும். இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று ப்ராசஸர்களை வைத்து ஓட்டெடுப்பு நடத்தும் கருவிகளும் உண்டு. மூன்றில் இரண்டு எதைச் சொல்கிறதோ அதுதான் முடிவு. சவுதி ஆலையில் இருந்தது இந்த வகைதான்.

பேட்டரி தீர்ந்தால் புரோகிராம் காலி!

பழைய மாட்யூல்கள் பலவற்றில் ஒரு வில்லங்கம் உண்டு. மின்சாரம் போனால் புரோகிராமைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. பேட்டரி தீர்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை, கரன்ட்டும் போய்விட்டது என்றால், திரும்பி வரும்போது ப்ராசஸர் எல்லாவற்றையும் மறந்திருக்கும். மெஷின் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஆனால் என்ன செய்யணும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

அதனால்தான் பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்ததுமே மாற்றிவிட வேண்டும் என்று சொல்கிறார்கள். அதையும் மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும். புதிய மாட்யூல்கள் மெமரி கார்டிலோ ஃபிளாஷ் மெமரியிலோ புரோகிராமை வைத்துக்கொள்கின்றன.

முகப்பில் உள்ள விளக்குகள் சொல்வது என்ன?

ப்ராசஸர் மாட்யூலின் முகப்பில் சின்னச் சின்ன விளக்குகள் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பொதுவாக,

* ரன் பச்சையாக எரிந்தால், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கிறது.
* ஃபால்ட் விளக்கு சிவப்பாக எரிந்தால், உள்ளே கோளாறு.
* ஃபோர்ஸ் விளக்கு எரிந்தால், யாரோ ஒருவர் சென்சார் சொல்வதை மதிக்காதே, நான் சொல்வதை நம்பு என்று ப்ராசஸரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

இதில் கடைசி விளக்கை கவனிக்காமல் விடக்கூடாது. பழுது பார்க்கும்போது, ஒரு சென்சார் வேலை செய்யவில்லை என்றால் தற்காலிகமாக அதை ஆன் என்று ஃபோர்ஸ் செய்து மெஷினை ஓட்டுவது உண்டு. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மறந்துவிட்டால், பாதுகாப்புக் கதவு திறந்திருந்தாலும் மூடியிருக்கிறது என்றே ப்ராசஸர் நம்பிக்கொண்டிருக்கும்.

சரி, அந்த சாவி எதற்கு?

பல ப்ராசஸர் மாட்யூல்களில் சாவி போட்டுத் திருப்பும் ஸ்விட்ச் இருக்கிறது. கண்ட்ரோல்லாஜிக்ஸை எடுத்துக்கொண்டால் அதில் மூன்று நிலைகள்.

* ரன்: புரோகிராம் ஓடும். வெளியிலிருந்து யாரும் புரோகிராமை மாற்ற முடியாது.
* புரோகிராம்: மெஷின் ஓடாது. புதிய புரோகிராமை ஏற்றலாம், மாற்றலாம்.
* ரிமோட்: ஓடுவதா நிற்பதா, மாற்றுவதா வேண்டாமா என்பதை நெட்வொர்க் வழியாக மென்பொருளே முடிவு செய்யலாம்.

பாதுகாப்பு என்று பார்த்தால் சாவியை ரன் நிலையில் வைத்து, உருவி எடுத்து, பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மாற்றம் செய்யணும் என்றால் ஒரு மனிதர் பேனல் வரை நடந்து வந்து சாவியைப் போட வேண்டும். எவ்வளவு பெரிய ஹேக்கராக இருந்தாலும் நெட்வொர்க் வழியாக ஒரு சாவியைத் திருப்ப முடியாதே!

ஆனால் நடைமுறையில் பல இடங்களில் சாவி ரிமோட்டிலேயே இருக்கும். காரணம் வசதி. நள்ளிரவு 2 மணிக்கு லைன் நின்றால், பொறியாளர் வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் திறந்து சரி செய்துவிடலாம். ஒரு மணி நேர உற்பத்தி நஷ்டம் என்பது நிர்வாகத்துக்குப் பெரிய விஷயம். யாரோ எப்போதோ செய்யக்கூடிய சைபர் தாக்குதல் அப்படிப் பெரிதாகத் தெரிவதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். எல்லா நிறுவனத்திலும் ரன் என்றால் பூட்டு என்று அர்த்தம் இல்லை. சாவி இருந்த பழைய எஸ்7-300 மாடல்களில் ரன், ரன்-பி என்று இரண்டு நிலைகள் தனித்தனியாக இருந்தன. ரன்-பி-யில் மட்டும்தான் மாற்ற முடியும். பின்னர் வந்த மாடல்களில் சாவிக்குப் பதிலாக சாதாரண ஸ்விட்ச் வந்தது. அதில் ரன் நிலையிலும் புரோகிராமை மாற்றலாம். தடுக்கணும் என்றால் பாஸ்வேர்டு போட வேண்டும். அதனால் தன் ஆலையில் இருப்பது எந்த மாடல், அதன் பூட்டு எது என்று தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

சவுதியில் நடந்தது என்ன?

அங்கே தாக்கப்பட்டது ஷ்னைடர் நிறுவனத்தின் ட்ரைகோனெக்ஸ் என்ற பாதுகாப்பு கண்ட்ரோலர். இது பி.எல்.சி-யின் நெருங்கிய உறவு. ஆலையை ஓட்டுவது சாதாரண கண்ட்ரோலர் என்றால், பக்கத்திலேயே அமைதியாக நின்று வேடிக்கை பார்ப்பது பாதுகாப்பு கண்ட்ரோலர். அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் மட்டும் குறுக்கே வந்து ஆலையை நிறுத்தும்.

ஜூன் மாதமே ஒரு முறை ஆலை நின்றிருந்தது. அப்போது அது தாக்குதல் என்று தெரியவில்லை. வேலை மறுபடி தொடங்கியது. ஆகஸ்டில் இரண்டாவது முறை நின்றபோதுதான் ஆழமாகத் தோண்டினார்கள். ட்ரைடன் என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட ஒரு தீய மென்பொருள் சிக்கியது.

அந்த கண்ட்ரோலர்களின் சாவி புரோகிராம் நிலையில் விடப்பட்டிருந்தது. ட்ரைகோனெக்ஸில் அந்த நிலையிலும் ஆலை ஓடும், அதே நேரம் புரோகிராமையும் மாற்றலாம். பொறியாளர் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே புகுந்திருந்த ஹேக்கர்கள், அங்கிருந்து ப்ராசஸரின் மெமரிக்கே தங்கள் கோடை அனுப்பினார்கள்.

ஆலையைக் காப்பாற்றியதும் அதே ப்ராசஸர்கள்தான். மூன்று ப்ராசஸர்களும் ஒன்றையொன்று சரிபார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. ஏதோ தவறு என்று முடிவு செய்து ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டன. ஹேக்கர்கள் செய்த பிழைதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

கணக்கு ஒத்துவந்திருந்தால்? நிஜமாகவே ஆபத்து வரும் நாளில் நிறுத்த வேண்டிய கருவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கும். வெடிப்பு, நச்சு வாயு கசிவு வரை போயிருக்கலாம். உயிரைக் காக்கும் கருவியையே குறிவைத்த தீய மென்பொருள் என்பதால்தான் உலகமே அதிர்ந்தது. 2017 டிசம்பரில் விவரங்கள் வெளியே வந்தன. ரஷ்ய அரசின் ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு இதில் தொடர்பு உண்டு என்று கூறி அமெரிக்கா 2020 அக்டோபரில் அதன் மீது தடை விதித்தது.

இதற்கு முன்பும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2010-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் பற்றி கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் மையத்தைக் குறிவைத்தது அது. உள்ளே குறிவைக்கப்பட்டவை சீமென்ஸ் எஸ்7-315, எஸ்7-417 ஆகிய இரண்டு ப்ராசஸர் மாடல்கள்.

சென்ட்ரிஃப்யூஜ்களின் மோட்டார் வேகத்தை அது கட்டுப்படுத்தும். 1,410 ஹெர்ட்ஸ் வரை ஏற்றிவிட்டு, பல நாள் சும்மா இருக்கும். பிறகு 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும். பொறியாளர் தன் கம்ப்யூட்டரில் ப்ராசஸரின் புரோகிராமைத் திறந்து பார்த்தால், மாற்றப்பட்ட பகுதியே தெரியாது. எல்லாம் பழையபடி இருப்பதாகவே காட்டும்.

2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகிப்பா என்ற ஊரின் குடிநீர் அமைப்பில் நடந்ததோ இன்னும் எளிது. அங்கிருந்த யூனிட்ரானிக்ஸ் பி.எல்.சி தாக்கப்பட்டது. இந்த வகை தாக்குதல்கள் பற்றி எச்சரித்த அமெரிக்க சைபர் பாதுகாப்பு அமைப்பு சொன்ன முதல் அறிவுரைகளில் ஒன்று, கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் 1111 என்ற பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்பதுதான். அலிகிப்பா ஊழியர்கள் அந்த கருவியை அணைத்துவிட்டு கையாலேயே பம்ப்களை இயக்கினார்கள். தண்ணீர் விநியோகம் தடைபடவில்லை.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையம் பற்றி வந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் தீய மென்பொருள் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் தேதி உறுதி செய்தது. அது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர் என்றும், முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் நிலைய அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கம் தந்தது.

அலுவலக நெட்வொர்க்கும் இயந்திர நெட்வொர்க்கும் ஏன் தனித்தனியாக இருக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

ஆலையில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* வேலை முடிந்ததும் சாவியை ரன் நிலைக்குத் திருப்பி, உருவி எடுத்து வையுங்கள். சாவி நகர்ந்தால் கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடிக்கும்படி பல சிஸ்டங்களில் அமைக்கலாம்.
* சாவி இல்லாத மாடல் என்றால் பாஸ்வேர்டு கட்டாயம். கம்பெனி பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள்.
* பி.எல்.சி-யை நேரடியாக இணையத்தில் இணைக்காதீர்கள்.
* கடைசியாக மாற்றிய புரோகிராமின் பேக்கப் நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு இடத்தில் இருக்கட்டும். அவ்வப்போது ப்ராசஸரில் ஓடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
* பேட்டரி, ஃபோர்ஸ் விளக்குகளை ஷிஃப்ட் மாறும்போது பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.
* காரணம் தெரியாமல் மெஷின் நின்றால், ரீசெட் செய்வதற்கு முன் ஃபால்ட் விவரத்தைக் குறித்து வையுங்கள்.
* பழைய மாடலா? உதிரி கிடைக்குமா என்று இப்போதே பாருங்கள். எஸ்7-300 வரிசையின் வழக்கமான விற்பனை முடிந்துவிட்டது. இனி 2033 வரை உதிரிபாகமாக மட்டுமே.

இதில் பெரும்பாலானவை காசு செலவில்லாத விஷயங்கள். சவுதி ஆலையில் அந்த சாவி சரியான நிலையில் இருந்திருந்தால், நெட்வொர்க்குக்குள் புகுந்த பிறகும் ஹேக்கர்களால் ப்ராசஸரைத் தொடுவது மிகவும் கடினமாகியிருக்கும். நாளைக்கு நீங்கள் ஷிஃப்டுக்குப் போனால் பேனல் கதவைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். உங்கள் சாவி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?